நாற்பத்திரண்டு மாமரமும் ஒரு இருநூறு லிட்டர் டிரம்மும்

போன வருடம் மே மாதம் வைக்கோலில் பழுக்கப் போட்ட செந்தூராவைப் புரட்டிப் பார்த்ததில்தான் இந்த வேலை ஆரம்பித்தது. பறிக்கும்போது ஒரு பொட்டுகூட இல்லாத காய்கள். நாலாம் நாள் பார்த்தால், காம்பிலிருந்து கீழ்நோக்கிக் கண்மை கரைந்து வழிந்த மாதிரி கறுப்புத் தடங்கள். மறுநாள் அந்தத் தடங்களே காசு அளவுக்கு விரிந்து, லேசாகக் குழிந்து, கரும்புள்ளிகளாகிவிட்டன. அக்கா வீட்டுக்கு அனுப்பிய கூடையில் பாதிக்கு மேல் மாட்டுக்குப் போனது. "பழம் அனுப்பறேன்னு சொன்னியேடா, எங்க வீட்டு மாட்டுக்குன்னு சொல்லவேயில்லையே" என்று போனில் கேட்டாள்.

தோப்பு காவேரிப்பட்டணம் பக்கம். அப்பா வைத்த மரங்கள், இருபத்தைந்து வயது இருக்கும். பெங்களூரா முப்பது, செந்தூரா ஒன்பது, அல்போன்சா இரண்டு, இமாம்பசந்த் ஒன்று. அப்பா இருந்தவரை பூவிலேயே குத்தகைக்கு விட்டுவிடுவார். மருந்தடிப்பதெல்லாம் குத்தகைக்காரர் பாடு. அவர் என்ன அடித்தார், எப்போது அடித்தார் என்று நாங்கள் கேட்டதில்லை. இரண்டு வருடமாக நானே பார்க்கிறேன். முதல் வருடம் மருந்துக் கடையில் போய் "மாங்காய்க்கு மருந்து குடுங்க" என்று கேட்டு, ஒரு பையில் போட்டுக் கொடுத்ததை வாங்கி வந்து அடித்தேன். பையில் பூச்சிக்கு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று, 'பூ நிக்கறதுக்கு' ஒன்று. அதன் பலன்தான் மேலே சொன்ன கூடை.

இந்த வருடம் ஜூலையிலிருந்தே நோட்டுப் போட்டு எழுதி வந்தேன். அந்த நோட்டிலிருந்து எழுதுகிறேன். மருந்து, மூலிகைச் சாறு இரண்டையும் அடித்துப் பார்த்தேன். இரண்டிலும் சொதப்பினேன், அதையும் சொல்கிறேன்.

ஜூலை, ஆகஸ்ட்: துடைப்பக்குச்சிகள்

பெங்களூரா கடைசி லோடு கூழ்த் தொழிற்சாலைக்குப் போனதும் கவாத்து. எனக்குத் துணை மாதையன் அண்ணன். எங்கள் பக்கம் முப்பது வருடமாக மரம் ஏறுகிறவர். மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் போன சீசன் பூங்காம்புகள் காய்ந்து, கறுத்து, துடைப்பக்குச்சி மாதிரி கிளை நுனிகளில் அப்படியே தொங்கின. எனக்கு அது குப்பை, தானாக விழுந்துவிடும் என்ற நினைப்பு.

ஒரு குச்சியை எடுத்து வந்து, ஈரமாக்கிய செய்தித்தாளில் சுற்றி, மூடியுள்ள டிபன் பாக்ஸில் மூன்று நாள் வைத்தேன். திறந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் குச்சி முழுக்கக் கடுகை விடச் சின்னதாக, வெளிர் ரோஜா நிறத்தில் பிசுபிசுத்த துளிகள். அதுதான் ஆந்த்ராக்னோஸ் என்கிற கரும்புள்ளி நோயைக் கொண்டுவரும் பூஞ்சையின் வித்து. கொலெட்டோட்ரிக்கம் என்று பெயர். மழைத்துளியும் பனி சொட்டுவதும் பட்டால் அந்தத் துளி கரைந்து கீழே இருக்கிற பூ, பிஞ்சு, தளிர் எல்லாவற்றின் மேலும் தெறிக்கும். பழத்தில் கண்மை வழிந்த தடம் ஏன் மேலிருந்து கீழே வந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. காம்பு வழியாக வடிந்த தண்ணீர், வித்தையும் கூடவே கொண்டு வந்திருக்கிறது.

இன்னொன்றும் அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். பூஞ்சை பிஞ்சிலேயே தோலுக்குள் இறங்கிவிடுகிறது. ஆனால் பச்சைக் காயின் தோலில் பூஞ்சைக்கு ஆகாத வேதிப்பொருள்கள் இருப்பதால் மேற்கொண்டு நகர முடியாமல் தூங்குகிறது. காய் பழுக்கும்போது அந்தப் பொருள்கள் குறைகின்றன. உடனே முழித்துக்கொள்கிறது. ஆக, மே மாதம் வைக்கோலில் பார்த்த கறுப்பு, ஜனவரி, பிப்ரவரியிலேயே உள்ளே போனது. பழத்தைப் பார்த்துவிட்டு மருந்துக்கு ஓடுவது வண்டி போன பிறகு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுகிற கதை.

குச்சிகளையும், காய்ந்த நுனிகளையும், உள்ளே அடைந்து கிடந்த சிறு கிளைகளையும் வெட்டினோம். மரத்துக்கு நடுவில் வெயில் இறங்க வேண்டும் என்பதுதான் அளவு. மாதையன் அண்ணன் தரையில் நிழலைப் பார்த்து வெட்டுவார். "நெழலுக்குள்ள பொட்டுப் பொட்டா வெளிச்சம் விழணும் தம்பி, கோழி மேய்ஞ்ச களம் மாதிரி." ஒன்பது செந்தூராவுக்கும் இமாம்பசந்துக்கும் முழுசாகச் செய்தோம். பெங்களூராவில் நுனிக்குச்சிகளை மட்டும் கைக்கு எட்டியவரை எடுத்தோம். கூழுக்குப் போகிற காயின் தோலில் நாலு பொட்டு இருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. தட்டில் வைத்துத் தின்கிற பழத்துக்குத்தான் முகம் முக்கியம். வெட்டியதையெல்லாம் தோப்புக்கு வெளியே கொண்டுபோய் எரித்தோம்.

போர்டோ கலவையும் அரிவாளும்

வெட்டிய இடங்களுக்குப் போர்டோ பசை, மரத்துக்கு ஒரு சதவீதப் போர்டோ கலவை. மயில்துத்தமும் (காப்பர் சல்ஃபேட்) சுண்ணாம்பும் சேர்ந்த இந்த நீலக் கலவைக்கு வயது நூற்று நாற்பதுக்கு மேல். பிரான்ஸில் போர்டோ பக்கம் சாலையோரத் திராட்சையைத் திருடுகிறார்கள் என்று கொடியில் இதைத் தெளித்து வைத்தார்களாம், விஷம் என்று பயந்து ஆள் கை வைக்கமாட்டான் என்பதற்காக. தெளித்த கொடிக்கு மட்டும் நோய் வராததை மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்து, சோதித்துப் பார்த்து, 1885இல் வெளியிட்டார். மாங்காய்த் திருடனுக்கும் இது உதவுமா என்று மாதையன் அண்ணனிடம் கேட்டேன். "நம்மூர்ப் பசங்க கழுவித் தின்னுடுவானுங்க" என்றார்.

கணக்கு எளிது. நூறு லிட்டருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு. என் டிரம் இருநூறு லிட்டர் என்பதால் இரண்டு, இரண்டு. மயில்துத்தத்தைத் துணியில் முடிந்து, ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீரின் மேல்மட்டத்தில் தொங்கவிட்டால் ராத்திரியோடு கரைந்துவிடும். அடியில் கொட்டினால் கட்டியாகவே கிடக்கும். இரும்புப் பாத்திரம், தகர டின் கூடாது, துத்தம் அரித்துவிடும். சுண்ணாம்பை வேறு டிரம்மில் நீர்த்து, வடிகட்டி, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே குச்சியால் கலக்க வேண்டும். வானநீலத்தில் கூழ் மாதிரி வரும்.

வந்தது. ஆனால் அரிவாளை ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் நுனியில் செம்பு நிறம் படிந்திருந்தது. அப்படிப் படிந்தால் தாமிரம் மிஞ்சி நிற்கிறது, தளிரைச் சுட்டுவிடும் என்று அர்த்தம். காரணம் சுண்ணாம்பு. நான் வாங்கிய மூட்டை எப்போதோ பிரித்து வைத்தது. காற்றுப் பட்டுப் பாதி நீர்த்துப்போய், பெயருக்குத்தான் இரண்டு கிலோ. மறுபடி அரைக்கிலோ கரைத்து ஊற்றிய பிறகு அரிவாள் வெள்ளையாக வந்தது. கலந்த அன்றைக்கே அடித்துவிட வேண்டும், மறுநாளைக்கு வைத்தால் அடியில் தங்கிப் பிடிப்பு போய்விடும்.

பசை இதே சரக்குதான், பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ, ஒரு கிலோ. வெட்டுவாயில் பெயின்ட் பிரஷ்ஷால் பூசினோம்.

அக்டோபர்: மழையோடு போட்டி

வடகிழக்குப் பருவமழையில் தளிர் விடும்போது, நோய்ப் பூஞ்சையை அடக்குகிற சூடோமோனாஸ் என்ற நல்ல பாக்டீரியாவைத் தெளிக்கலாம் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. லிட்டருக்கு ஐந்து கிராம், அக்டோபரில் தொடங்கி மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஐந்திலிருந்து ஏழு தடவை. நான் மூன்று தடவைதான் அடித்தேன். இரண்டாம் தடவை அடித்து முடித்துக் குழாயைச் சுருட்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இது உயிருள்ள சரக்கு என்பதால் போர்டோ அடித்த கையோடு அடிக்கக் கூடாது. எனக்கு நடுவில் இரண்டு மாதம் இருந்ததால் பிரச்சினை இல்லை. பலன் எவ்வளவு என்று தனியாகப் பிரித்துச் சொல்ல என்னிடம் கணக்கு இல்லை. எல்லா மரத்துக்கும் அடித்துவிட்டேன், ஒப்பிட ஒரு மரம் விடவில்லை. புத்தி அப்புறம்தான் வந்தது.

ஜனவரி முதல் வாரம்: சாம்பல்

மார்கழி கடைசியில் பூ கிளம்பியது. விரல் நீளம் இருக்கும்போதே தினமும் விடிகாலையில் ஒரு சுற்று. ஜனவரி ஆறாம் தேதி இரண்டு செந்தூராவில், பூங்கொத்தின் நுனியில் கோலமாவு தூவிய மாதிரி வெள்ளை. விரலால் தொட்டால் ஒட்டிக்கொண்டு வந்தது. சாம்பல் நோய்.

இதுவும் ஆந்த்ராக்னோஸும் நேர்மாறான குணம். ஆந்த்ராக்னோஸுக்கு இலையும் பூவும் நனைய வேண்டும், மணிக்கணக்கில் ஈரம் நிற்க வேண்டும். சாம்பல் நோய்க்குத் தண்ணீர் தேவையே இல்லை. ராத்திரி குளிரும் பகல் வறட்சியும் போதும், காற்றில் பறந்து வரும். எங்கள் பக்கம் தை மாதம் இரண்டுக்குமே விருந்து வைக்கிறது. விடியும்வரை பனி, அப்புறம் பளீரென்று வெயில்.

அப்பாவின் பெட்டியில் ஒரு பழைய துண்டுப் பிரசுரம் இருந்தது. சாம்பல் நோய்க்கு டிரைடிமார்ஃப் என்று அதில் போட்டிருந்தது. விசாரித்தால் 2018இலேயே அரசு தடை செய்த மருந்து. பழைய காகிதத்தை நம்பிக் கடைக்குப் போகிறவர்கள் கவனிக்கவும். நான் வாங்கியது நனையும் கந்தகம், லிட்டருக்கு இரண்டு கிராம், டிரம்முக்கு நானூறு கிராம். மரத்துக்குப் பத்து லிட்டர் வீதம் ஒரு டிரம் இருபது மரத்துக்கு வரும். முழுத் தோப்புக்கும் இரண்டு டிரம் தாண்டி ஒரு கைத்தெளிப்பான். ஜனவரி ஏழாம் தேதி காலை ஒன்பது மணிக்குள் முடித்தோம். வெயில் ஏறிய பிறகு கந்தகம் அடித்தால் பூ கருகும் என்பது எனக்குத் தெரியும். அது மட்டும்தான் தெரியும் என்பது ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது.

ஜனவரி 14: நான் செய்த தப்பு

கந்தகம் நன்றாகவே கேட்டது. நாலு நாளில் வெள்ளை, பழுப்பாகி நின்றுவிட்டது. ஆனால் தத்துப்பூச்சி. மரத்தடியில் நின்று கிளையை ஒரு தட்டுத் தட்டினால் உடம்பின் மேல் மழை தெறிக்கிற மாதிரி குதிக்கிறது. அது சாறு உறிஞ்சி, தேன் மாதிரி ஒழுகவிட்டு, அதன் மேல் கரும்பூசணம் படியும். பொங்கலன்று காலையிலேயே, 'ரசாயனம் ஒரு தடவை ஆயிற்று, இனி இயற்கையாகப் போவோம்' என்று வேப்பெண்ணெய் கரைத்தேன். லிட்டருக்குப் பத்து மில்லி, சோப்புக் கரைசலில் அடித்துப் பால் போல ஆக்கி, எட்டு மரத்துக்குத் தெளித்தேன். பொங்கல் வேலை நடுவில் தொடங்கியதால் முடிக்கும்போது மணி பன்னிரண்டு.

பதினாறாம் தேதி போய்ப் பார்த்தால் வயிறு கலங்கிவிட்டது. பூங்கொத்தின் நுனிகள் காப்பித்தூள் நிறம். தளிர் இலையின் ஓரம் தீயில் காட்டிய காகிதம் மாதிரி சுருண்டிருந்தது. முதலில் ஆந்த்ராக்னோஸ் பரவிவிட்டது என்று நினைத்து மருந்துக்கடைக்குக் கிளம்பினேன். மாதையன் அண்ணன்தான் நிறுத்தினார். "தெற்கால பக்கம் மட்டும் ஏன் தம்பி கருகியிருக்கு? நோவு வெயில் பார்த்தா வரும்?"

அவர் கேட்ட பிறகுதான் சரியாகப் பார்த்தேன். ஆந்த்ராக்னோஸ் என்றால் பூங்காம்பில் குண்டூசித் தலை அளவு கறுப்புப் பொட்டுகள் தனித்தனியாகத் தோன்றி, நாளுக்கு நாள் நீண்டு, ஒன்றோடொன்று சேரும். இங்கே பொட்டே இல்லை. ஒரே நாளில், ஒரே மாதிரி, வெயில் படுகிற பக்கம் மட்டும். அடுத்த இரண்டு நாளில் ஒரு கொத்துக்குக்கூடப் பரவவும் இல்லை. அடித்த எட்டு மரம் தவிர மீதி முப்பத்து நாலும் சுகமாக இருந்தன.

கந்தகமும் எண்ணெயும் ஒன்றுக்கொன்று ஆகாது. இலை மேல் பொடியாக உட்கார்ந்திருக்கிற கந்தகம், எண்ணெயில் கரைந்து திசுவுக்குள் இறங்கிச் சுட்டுவிடுகிறது. ஒரே டேங்கில் கலக்கக் கூடாது என்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். தனித்தனியாக அடித்தாலும் நடுவில் குறைந்தது இரண்டு வாரமாவது வேண்டும் என்பது எனக்கு உறைக்கவில்லை. நான் விட்டது ஏழு நாள், போதாததற்கு உச்சி வெயில். மாதையன் அண்ணன் சொன்னது: "காலைல ஒரு வைத்தியர், மத்தியானம் ஒரு வைத்தியர்னு மருந்து வாங்கித் தின்னா இப்படித்தான்." வேப்பெண்ணெய் இயற்கைதானே, என்ன செய்துவிடும் என்று நினைத்திருந்தேன். இயற்கை என்பது பாட்டிலுக்கு வெளியே எழுதியிருக்கிற சொல். உள்ளே இருப்பது எண்ணெய், எண்ணெய் செய்கிற வேலையைத்தான் செய்யும்.

அந்த எட்டில் இரண்டு செந்தூரா. அவற்றில் இந்த வருடம் காய் கால்வாசிதான்.

ஜனவரி கடைசி: சாறா, மருந்தா

இருபத்து மூன்றாம் தேதியிலிருந்து நாலு நாள் மூட்டம். காலை ஒன்பது மணிக்கும் இலை நுனியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு நாள் தூறலும் விழுந்தது. ஆந்த்ராக்னோஸ் வருவதற்கு இதைவிட வெற்றிலை பாக்கு வைக்க வேண்டியதில்லை.

இந்தத் தடவை ஒப்பிட்டுப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். கருகாத செந்தூரா ஏழு. இரண்டுக்கு மருந்து மட்டும், இரண்டுக்குச் சாறு மட்டும், இரண்டுக்கு மாற்றி மாற்றி, ஒன்றுக்கு எதுவும் இல்லை. ஏழு மரத்தை வைத்து ஆராய்ச்சி என்று சொல்ல முடியாது. என் தோப்புக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்கு அவ்வளவுதான்.

மருந்து: கார்பன்டாசிம், மேங்கோசெப் இரண்டும் சேர்ந்த பவுடர், லிட்டருக்கு இரண்டு கிராம். கார்பன்டாசிம் தனியாக வாங்கவில்லை. அது பூஞ்சையின் உடம்பில் ஒரே ஒரு இடத்தில் அடிக்கிற மருந்து. பூஞ்சை அந்த ஒரு இடத்தை மாற்றிக்கொண்டால் மருந்து வீண், மாங்காய் ஆந்த்ராக்னோஸில் அப்படி எதிர்ப்பு வந்திருப்பது ஏற்கெனவே பதிவான விஷயம். குத்தகைக்காரர் வருடக்கணக்கில் அதையே அடித்ததாகப் பக்கத்துத் தோப்பு மாமா சொன்னார். மேங்கோசெப் உள்ளே போகாது, இலை மேலேயே நின்று பல இடத்தில் அடிக்கும், அதை அவ்வளவு லேசில் ஏமாற்ற முடியாது. மூன்று வாரம் கழித்துப் பிஞ்சு பட்டாணி அளவு வந்ததும் குளோரோதலோனில், லிட்டருக்கு இரண்டு கிராம். அதோடு நிறுத்தம்.

சாறு: நொச்சியும் பூண்டும். நொச்சி எங்கள் வாய்க்கால் ஓரத்திலேயே மண்டிக் கிடக்கிறது. ஆய்வுக்கூடங்களில் ஒரு கிலோ இலைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் விட்டு அரைத்து வடிப்பதை நூறு சதவீதச் சாறு என்று வைத்துக்கொண்டு, அதைப் பத்து மடங்காகக் கலந்து பத்து சதவீதம் என்பார்கள். நொச்சி, துளசி, பூண்டு, மருதாணி, வேம்பு என்று பலவும் கண்ணாடித் தட்டில் பூஞ்சையை நிறுத்துகின்றன. பூண்டில் வேலை செய்கிறது அல்லிசின். முழுப் பல்லில் அது கிடையாது. நசுக்கினால்தான் உண்டாகும், உண்டானதும் சிதைய ஆரம்பித்துவிடும். ஆகவே அரைத்த அன்றே அடிக்க வேண்டும். முந்தின நாள் அரைத்து ஊறப்போட்டால் நாற்றம்தான் மிச்சம்.

தட்டில் சரி. மரத்துக்குக் கணக்குப் போடுங்கள். ஒரு மரத்துக்குப் பத்து லிட்டர், அதற்கு ஒரு கிலோ இலை. நாலு மரத்துக்கு நாலு கிலோ நொச்சி, கூட ஒரு கிலோ பூண்டு. வீட்டு மிக்ஸியில் ஆரம்பித்து, அது சூடாகி நின்று, கிரைண்டருக்கு மாறி, ஒன்றரை மணி நேரம். அப்புறம் அந்தக் கிரைண்டரில் அரைத்த இட்லி மாவு இரண்டு வாரம் பூண்டு வாசம் அடித்ததற்கு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனி. முழுத் தோப்புக்கும் என்றால் ஒரு தடவைக்கு நாற்பத்திரண்டு கிலோ இலை. யார் அரைப்பது?

இரண்டாவது பிரச்சினை நாசில். பழைய வேட்டியில் இரண்டு மடிப்பு வடிகட்டினேன். அப்படியும் மூன்றாவது நிமிடத்தில் அடைத்துக்கொண்டது. கழற்றிப் பார்த்தால் பச்சையாக நார், நுரை. கழுவி மாட்டி, மறுபடி அடைத்து, ஒரு மரத்துக்கு நாலு தடவை. கடைசியில் மாதையன் அண்ணன் வேட்டியை வீசிவிட்டு, சேலை முந்தானையை நாலாக மடித்து, வடித்ததை அரைமணி நேரம் அசையாமல் வைத்து, மேல்தெளிவை மட்டும் எடுத்தார். அதன் பிறகு அடைப்பு இல்லை. சாறு அடிக்கிறவர்கள் வேறெதையும் மறந்தாலும் இந்த அரைமணி நேரத்தை மறக்க வேண்டாம்.

சாறு பத்து நாளைக்கு ஒரு முறை, நாலு தடவை. மருந்து மொத்தம் இரண்டு தடவை. மாற்றி அடித்த மரங்களுக்கு முதலில் மருந்து ஒன்று, பிறகு சாறு மூன்று. பூ முழுசாக விரிந்திருந்த பத்து நாளில் எந்த மரத்திலும் எதுவும் அடிக்கவில்லை. மாம்பூவில் மகரந்தம் சுமக்கிறது பெரும்பாலும் ஈக்கள், கொஞ்சம் தேனீ. அவற்றைத் துரத்திவிட்டுப் பிஞ்சு எங்கே என்று தேடக் கூடாது.

மார்ச்: போஸ்டர் பசை

தத்துப்பூச்சி ஒழுகவிட்டதன் மேல் மூன்று பெங்களூராவில் கரும்பூசணம் படிந்துவிட்டது. இலையெல்லாம் லாரி சைலன்சர் பக்கத்தில் நின்ற மாதிரி. இந்தப் பூஞ்சை இலைக்குள் போவதில்லை, தேன் மேல் உட்கார்ந்து வெயிலை மறைக்கிறது, அவ்வளவுதான். அதனால் கொல்வதை விட உரித்தெடுப்பது சுலபம். ஒரு கிலோ மைதாவை ஐந்து லிட்டர் தண்ணீரில் காய்ச்சி, இருபது லிட்டராக்கித் தெளிப்பது. சினிமா போஸ்டர் ஒட்டுகிற அதே பசைதான், தண்ணியாக. மூன்று மரத்துக்கு நாற்பது லிட்டர், இரண்டு கிலோ மைதா.

நல்ல வெயில் நாளாகப் பார்த்து அடிக்க வேண்டும், மூட்டம் போட்ட நாளில் அடித்தால் பசையே பூஞ்சைக்குச் சோறு. காலையில் அடித்தோம். மத்தியானம் மூன்று மணிக்குக் காய்ந்து, இலை மேல் கண்ணாடித்தாள் மாதிரி நின்றது. ஒரு ஓரத்தை நகத்தால் நெம்பினேன். கறுப்போடு சேர்ந்து ஒரே படலமாக உரிந்து வந்தது, பாம்புச் சட்டை மாதிரி. கீழே இலை பளபளவென்று பச்சை. மீதியை இரண்டு நாளில் காற்றே உதிர்த்துவிட்டது. இந்த வருடம் செய்ததிலேயே எனக்கு மனசு நிறைந்த வேலை இதுதான். செலவு நூற்றைம்பது ரூபாய்கூட இல்லை. ஆனால் தத்துப்பூச்சியை அடக்காமல் மைதாவை மட்டும் நம்பினால் பத்து நாளில் மறுபடி கறுக்கும்.

மே: வைக்கோல் கணக்கு

செந்தூரா பறிப்பு. ஒவ்வொரு பிரிவிலும் ஐம்பது காய், காம்போடு, பால் வடித்து, தனித்தனி வைக்கோலில். ஆறாம் நாள் எண்ணினேன்.

எதுவும் அடிக்காத மரம்: ஐம்பதில் முப்பத்தொன்றில் புள்ளி. சாறு மட்டும்: இருபத்திரண்டு. மருந்து மட்டும்: ஏழு. மருந்து ஒன்று, பிறகு சாறு: பத்து.

எதுவும் அடிக்காத மரத்துக்கும் கவாத்தும் போர்டோவும் சூடோமோனாஸும் உண்டு, அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சாறு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் மூட்டமும் தூறலும் வந்த வருடத்தில் அதை மட்டும் நம்பிப் பூவை விட்டுவைக்க எனக்கு இனி தைரியம் இல்லை. மழையில் கழுவிக்கொண்டு போகிறது, வெயிலில் சிதைகிறது, பத்து நாள் காவல் நிற்பதில்லை. ஆனால் கடைசி வரியைப் பாருங்கள். சரியான நேரத்தில் மருந்து ஒன்று விழுந்துவிட்டால், பிஞ்சு நின்ற பிறகு சாறு ஓரளவு தாங்குகிறது. பறிப்புக்குப் பக்கத்தில் ரசாயனம் வேண்டாம் என்று நினைக்கிற எனக்கு ஏழுக்கும் பத்துக்கும் இடையில் இருக்கிற மூன்று பழம் பெரிய நஷ்டமில்லை. அடுத்த வருடம் பத்துச் செந்தூரா, இமாம்பசந்துக்கு இதுதான் முறை. பெங்களூராவுக்குக் கந்தகம் ஒன்று, மேங்கோசெப் கலந்த மருந்து ஒன்று, சாறு கிடையாது. நாற்பது கிலோ நொச்சி அரைக்க எனக்குத் தெம்பில்லை.

பத்தா என்று கேட்பீர்கள். கவாத்தில் மாதையன் அண்ணன் வேலியோரம் ஒரு கன்று கண்டுபிடித்தார், இலையைக் கசக்கி முகர்ந்து செந்தூராதான் என்கிறார். காய்த்தால் தெரியும்.

கடைசியாக வெந்நீர். உறவுக்காரர்களுக்கு அனுப்ப எடுத்த எண்பது காயை மட்டும் பறித்த அன்றே 52 டிகிரி வெந்நீரில் பத்து நிமிடம் முக்கினேன். அண்டாவில் விறகடுப்பு, கையில் சமையல் தெர்மாமீட்டர். காயைப் போட்டதும் சூடு நாலு டிகிரி இறங்கிவிடும், அதனால் சின்னச் சின்ன ஈடாக, ஒரு தடவைக்கு எட்டுக் காய். கண்ணை எடுத்தால் 56க்கு ஏறிவிடுகிறது. அப்படி ஏறிய ஒரு ஈட்டில் தோல் வெந்து, பழுத்த பிறகு தவிட்டு நிறத்தில் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. மற்ற ஒன்பது ஈடும் வெந்நீரிலிருந்து எடுத்துப் பச்சைத் தண்ணீரில் ஆறவைத்து, துடைத்து, காற்றில் உலர்த்திய பிறகு வைக்கோலுக்குப் போயின. தோலுக்கடியில் தூங்குகிற பூஞ்சையை இந்தச் சூடு பெரும்பாலும் முடித்துவிடுகிறது, காய்க்கு ஒன்றும் ஆவதில்லை.

அக்காவுக்கு அதில் இருபத்து நாலு போனது. எட்டு நாள் கழித்துப் போன் பண்ணினாள். ஒன்றே ஒன்றில் காம்பு ஓரம் ஒரு பொட்டு, மற்றதெல்லாம் சுத்தம் என்றாள். "ஆனா ஏன்டா எல்லாம் தலைக்குக் குளிச்சுட்டு வந்த மாதிரி பளபளன்னு இருக்கு?"

குளித்துவிட்டுத்தான் வந்தது என்றேன்.